தோற்றவன் அரண்மனையிலிருந்து ஒரு போரைப் பார்ப்பது: எஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ நாடகத்தைப் படிக்க முழுமையான வழிகாட்டி

பேரரசுகள் ஏன் சரிகின்றன என்று யாராவது கேட்டால் நான் தடிமனான வரலாற்றுப் புத்தகம் எதையும் சொல்வதில்லை. ஒரு சின்ன நாடகத்தைச் சொல்வேன். மொத்தம் 1,070 சொச்சம் வரிகள். நிதானமாகப் படித்தாலும் ஒரே மாலையில் முடித்துவிடலாம். எஸ்கிலஸ் எழுதிய ‘பாரசீகர்கள்’, கி.மு. 472-இல் ஏதென்ஸில் மேடையேறியது. முழுதாக நம் கைக்கு வந்திருக்கும் கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் இதுதான் மிகப் பழையது என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். மற்ற நாடகங்கள் புராணக் கதைகளை எடுத்துக்கொள்ள, இது நடந்து முடிந்து எட்டே வருஷமான ஒரு போரை எடுத்துக்கொள்கிறது. அதுவும் ஜெயித்தவர்களின் ஊரில், ஜெயித்தவர்களின் கவிஞர், தோற்றவர்களின் அரண்மனைக்குள் போய் நின்று எழுதியது. மேடையில் ஒரு கிரேக்கன்கூட வருவதில்லை. கிரேக்கத் தளபதி ஒருவரின் பெயர்கூட உச்சரிக்கப்படுவதில்லை.

முதல் தடவை நான் இதைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன். வாயில் நுழையாத பெயர்கள், ஓயாத புலம்பல், மேடையில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு உணர்வு. எங்கே கவனிக்க வேண்டும் என்று தெரியாததுதான் என் சிக்கல். அந்த இடங்களை வரிசையாகச் சொல்கிறேன். காப்புரிமை முடிந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நான்கு வருஷங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

கி.மு. 490, 480, 472, 405. கடைசி வருஷத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், முடிவில் அதற்கு வருவோம்.

சைரஸ் கி.மு. 550 வாக்கில் தொடங்கிய பாரசீகப் பேரரசு, அவருக்குப் பின் வந்த டேரியஸ் காலத்தில் சிந்து நதிக் கரையிலிருந்து ஏஜியன் கடல் வரை பரந்து கிடந்தது. 490-இல் டேரியஸ் அனுப்பிய படை மராத்தானில் ஏதென்ஸிடம் தோற்றது. எஸ்கிலஸ் அந்தக் களத்தில் நின்றவர். அவர் தம்பியோ அண்ணனோ, கினெகெய்ரஸ் என்ற உடன்பிறப்பு அங்கேதான் இறந்தார். தப்பி ஓடும் பாரசீகக் கப்பலின் பின்புறத்தைப் பிடித்தபோது கையைக் கோடாலியால் வெட்டினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். 486-இல் டேரியஸ் இறந்ததும் மகன் செர்க்சஸ் பட்டத்துக்கு வந்தான். அப்பா விட்டுப்போன வேலையை முடிக்க 480-இல் தானே கிளம்பினான்.

இங்கே ஒரு காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிடுங்கள், நாடகம் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் ஹெலஸ்பாண்ட் ஜலசந்தியில், இன்று டார்டனெல்ஸ் என்கிறோமே அங்கே, படை நடந்து போகப் பாலம் கட்டச் சொன்னான் செர்க்சஸ். கட்டிய பாலத்தைப் புயல் அடித்துக்கொண்டு போனது. கடலுக்கு 300 சவுக்கடி கொடுக்கச் சொன்னான், தண்ணீருக்குள் கால்விலங்கு போடச் சொன்னான், பாலம் கட்டியவர்களின் தலையை எடுத்தான் என்கிறார் ஹெரோடோட்டஸ். அப்புறம் ஒரு வரிசைக்கு 360, இன்னொன்றுக்கு 314 என்று கப்பல்களை நிறுத்தி, ஆளிச்செடி நாரிலும் பாப்பிரஸ் கோரையிலும் திரித்த வடங்களால் கட்டி, மேலே பலகை அடுக்கி மண் பரப்பினார்கள். குதிரைகளும் மாடுகளும் கடலைப் பார்த்து மிரளாமல் இருக்க இருபுறமும் தடுப்பு எழுப்பினார்கள். விலங்குகளின் பயத்துக்கு இடம் வைத்துப் பாலம் கட்டத் தெரிந்த ஆட்கள்தான் தண்ணீரைச் சவுக்கால் அடித்த ராஜாவிடமும் வேலை பார்த்தார்கள்.

அந்த வருஷமே ஏதென்ஸ் எரிந்தது. கோடை கழிந்ததும் சலாமிஸ் தீவுக்கும் கரைக்கும் நடுவே உள்ள குறுகிய கடலில் பாரசீகக் கப்பற்படை நொறுங்கியது. அடுத்த வருஷம் பிளாட்டேயாவில் தரைப்படையும் தோற்றது. அவ்வளவுதான் முன்கதை.

படி 2: பார்வையாளர்களோடு போய் உட்காருங்கள்

நாடகம் நடந்தது டயோனிசஸ் அரங்கில். அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவு. பார்க்க வந்தவர்களின் முதுகுக்குப் பின்னால், குன்றின் மேலே, பாரசீகர் எரித்த கோயில்கள் இன்னும் இடிபாடாகவே கிடந்தன. இன்று நாம் படத்தில் பார்க்கும் பார்த்தினான் கோயிலைக் கட்டத் தொடங்கியதே 447-இல்தான். உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனையோ பேர் சலாமிஸில் துடுப்புப் போட்டவர்கள். எரிந்த கோயிலுக்குக் கீழே உட்கார்ந்து, எரித்தவனின் அம்மா அழுவதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு முதல் பரிசும் கொடுத்தார்கள்.

இது எளிதில் நடக்கிற விஷயமில்லை. ஏறக்குறைய இருபது வருஷங்களுக்கு முன் ஃப்ரினிக்கஸ் என்ற நாடகாசிரியர், ஏதென்ஸின் நட்பு நகரமான மிலேட்டஸைப் பாரசீகர் பிடித்ததை மேடையேற்றினார். அரங்கமே அழுதது. சொந்தத் துயரத்தை ஞாபகப்படுத்திவிட்டார் என்று அவருக்கு 1,000 திராக்மா அபராதம் போட்டு, நாடகத்தையும் தடை செய்தார்கள். எஸ்கிலஸுக்கு இது தெரியும். ‘பாரசீகர்க’ளுக்குப் பாடகர் குழுவைப் பயிற்றுவிக்கும் செலவை ஏற்றவர், அப்போது இருபதுகளில் இருந்த பெரிக்கிளிஸ். பிற்காலத்தில் ஏதென்ஸின் பேரரசையே நடத்தப் போகிறவர். இந்தப் பெயரையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: பெயர்ப் பட்டியலைத் தாண்டிப் போகாதீர்கள்

சூசா, பாரசீகத் தலைநகரங்களில் ஒன்று. ராஜா ஊரில் இல்லை. பொறுப்பில் விட்டுப்போன முதியவர்கள் கூடியிருக்கிறார்கள். போருக்குப் போனவர்களின் பெயர்களைப் பாடுகிறார்கள்: அமிஸ்ட்ரெஸ், அர்ட்டஃப்ரெனெஸ், மெகபடெஸ், அஸ்டாஸ்பெஸ். பக்கம் பக்கமாக வரும். நான் மூடி வைத்தது இங்கேதான்.

வாய்விட்டுப் படியுங்கள். முதல் பாட்டில் அந்தப் பட்டியல் ஒரு ஊர்வலம்; தங்கம், குதிரை, வில், கப்பல் என்று செழிப்பு பொங்கும். இதே மாதிரிப் பட்டியல் நாடகத்தில் இன்னும் இரண்டு முறை வரும். நடுவில் தூதன் செத்தவர்களின் பெயர்களைச் சொல்வான். கடைசியில் முதியவர்கள் ராஜாவிடமே பெயர் பெயராகக் கேட்பார்கள். அரியோமார்டஸ் என்ற பெயர் மூன்று இடத்திலும் இருக்கிறது. முதலில் எகிப்தின் தீப்ஸை ஆள்பவன் என்று வரும், அடுத்த இடத்தில் சார்டிஸ் நகருக்குத் துக்கம் கொடுத்தவன் என்று வரும். ஆள் ஒருவன்தானா என்பதில் கவிஞருக்கு அக்கறை இல்லை. பெயர் காதில் விழ வேண்டும், அதுதான் முக்கியம். பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டே போங்கள்.

படி 4: ‘நுகம்’ என்ற சொல் வரும் இடமெல்லாம் நில்லுங்கள்

இந்த நாடகத்தில் ஒரே ஒரு உருவகத்தைப் பின்தொடர நேரமிருக்கிறது என்றால் நுகத்தைப் பின்தொடருங்கள். உழவு மாடோ வண்டி மாடோ பூட்டிப் பார்த்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நுகத்தடி என்பது இரண்டு கழுத்துக்கானது.

முதல் பாட்டிலேயே, கிரேக்கத்தின் மேல் அடிமை நுகத்தைப் பூட்டப் போயிருக்கிறார்கள் என்று வரும். கொஞ்சம் தள்ளி, கடலின் கழுத்திலேயே நுகம் பூட்டிவிட்டான் செர்க்சஸ் என்று அந்தப் பாலத்தைப் பற்றி வரும். பெருமையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதே பாட்டு முடியும் இடத்தில், கணவனைப் போருக்கு அனுப்பிவிட்டுப் படுக்கையில் கண்ணீரோடு கிடக்கும் பாரசீகப் பெண்களைப் பற்றிச் சொல்லும்போது, நுகத்தில் தனியாக விடப்பட்டவள் என்று ஒரு சொல் வந்து விழுகிறது. ஜோடி மாடு போய்விட்ட பிறகு, நுகத்தின் ஒரு பக்கம் தரையில் இழுபட, இன்னொரு பக்கம் கழுத்தில் கிடக்க நிற்கும் மாடு. கடலுக்குப் பூட்டிய நுகம் யார் கழுத்தில் போய் முடிகிறது என்பதை ஒரே சொல்லில் காட்டிவிடுகிறார். நாடகம் இன்னும் தொடங்கக்கூட இல்லை.

அடுத்து ராஜமாதா வருகிறாள். வரலாற்றில் அட்டோசா: சைரஸின் மகள், டேரியஸின் மனைவி, செர்க்சஸின் தாய். இரவில் கண்ட கனவைச் சொல்கிறாள். இரண்டு பெண்கள், அக்கா தங்கைகள். ஒருத்தி பாரசீக உடையில், ஒருத்தி கிரேக்க உடையில். இருவருக்கும் சண்டை வர, அடக்குவதற்காக செர்க்சஸ் இருவரையும் தன் தேரில் பூட்டுகிறான். ஒருத்தி பணிந்து நிற்கிறாள். மற்றவள் திமிறி, சேணத்தைப் பிய்த்து, நுகத்தை நடுவில் முறித்துவிடுகிறாள். செர்க்சஸ் கீழே விழுகிறான். பக்கத்தில் செத்துப்போன அப்பா வந்து நின்று இரக்கத்தோடு பார்க்கிறார். அவரைக் கண்டதும் மகன் தன் உடையைக் கிழித்துக்கொள்கிறான்.

இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஊரை எரித்த எதிரியைத் தன் ஊர்க்காரர்கள் முன்னால் ‘சகோதரி’ என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். கிழிந்த உடையையும் ஞாபகத்தில் வையுங்கள், அது திரும்ப வரும்.

படி 5: ராஜமாதாவின் ஒரு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

என் வாசிப்பில் நாடகத்தின் அச்சு இதுதான். கனவைச் சொல்லி முடித்துவிட்டு, பயத்தை அடக்கிக்கொள்வதுபோல அவள் சொல்வதன் சாரம் இது: மகன் ஜெயித்தால் எல்லோரும் மெச்சும் ஆளாவான், தோற்றாலும், அவன் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவன் இல்லை, உயிரோடு வந்துவிட்டால் முன்போலவே இந்த நாட்டை ஆள்வான்.

ஏதென்ஸ்காரர்களுக்கு இந்த இடத்தில் சுருக்கென்று தைத்திருக்கும். அவர்கள் ஊரில் பதவியில் இருந்தவர் பதவிக்காலம் முடிந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும், யாரும் குறை சொல்லலாம். ராஜமாதா ஆறுதலாக நினைத்துச் சொல்வதுதான் அவர்கள் காதுக்கு அந்த அரசின் நோயாகக் கேட்டிருக்கும். உடனே அடுத்த பேச்சில் ஏதென்ஸைப் பற்றி அவள் விசாரிக்கிறாள். அந்த ஊர் எங்கே இருக்கிறது, பணம் இருக்கிறதா என்று கேட்கிறாள். மண்ணிலேயே வெள்ளி ஊற்று இருக்கிறது என்கிறார்கள் முதியவர்கள். லாரியம் சுரங்கத்தைச் சொல்கிறார்கள், அந்த வெள்ளியில்தான் ஏதென்ஸ் கப்பல் கட்டியது. சரி, அவர்களை மேய்ப்பவன் யார் என்று கேட்கிறாள். அவர்கள் எந்த மனிதனுக்கும் அடிமையோ குடியோ இல்லை என்று பதில் வருகிறது. மேய்ப்பவன் இல்லாமல் எப்படிச் சண்டை போடுவார்கள் என்பது அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

செர்க்சஸுக்குப் பேராசை எங்கிருந்து வந்தது என்பதற்கும் பின்னால் அவளே விடை சொல்வாள், அதையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன். கெட்ட சகவாசம். உன் அப்பா ஈட்டி பிடித்துச் சம்பாதித்தார், நீ வீட்டுக்குள் ஈட்டி சுற்றுகிறாய், அப்பன் சொத்தைப் பெருக்கவில்லை என்று கூட இருந்தவர்கள் ஏற்றிவிட்டார்கள். பெரிய சொத்துக்குப் பிறந்தவனின் தாழ்வு மனப்பான்மையை இவ்வளவு துல்லியமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

படி 6: தூதனின் பேச்சை எழுந்து நின்று படியுங்கள்

தூதன் ஓடி வருகிறான். ஒரே அடியில் எல்லாம் போயிற்று என்கிறான். ராஜமாதா வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, யார் சாகவில்லை என்று கேட்கிறாள். மகன் இருக்கிறானா என்பதை நேரடியாகக் கேட்க வாய் வரவில்லை. தூதனுக்குப் புரிகிறது: செர்க்சஸ் உயிரோடு இருக்கிறார் என்கிறான்.

இனி வருவது சலாமிஸ் போரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விவரிப்பு. எஸ்கிலஸ் சலாமிஸிலும் இருந்தார் என்று பண்டைக் குறிப்பு ஒன்று சொல்கிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அங்கே இருந்தவர்கள். ரொம்பவும் அளந்துவிட்டிருக்க முடியாது. கிரேக்கக் கப்பல் 310, பாரசீகம் 1,000, அதிவேகக் கப்பல் 207 என்கிறான் தூதன். ஹெரோடோட்டஸ் ஒரு தலைமுறை கழித்து எழுதும்போது கிரேக்கம் 378, பாரசீகம் 1,207 என்கிறார். தரைப்படைக்கு அவர் சொல்லும் 17 லட்சத்தை இன்று யாரும் ஏற்பதில்லை. 10,000 பேரை நெருக்கி நிறுத்திச் சுற்றிலும் வேலி போட்டு, அந்த வேலியை 170 தடவை நிரப்பி எண்ணினார்களாம்.

ஏமாற்று எப்படி நடந்தது என்பதைப் பாருங்கள். ஏதென்ஸ் படையிலிருந்து ஒருவன் வந்து, இருட்டியதும் கிரேக்கர் தப்பி ஓடப் போகிறார்கள் என்று செர்க்சஸிடம் சொல்கிறான். (ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்கிளிஸ் அனுப்பிய சிகின்னஸ் என்று ஹெரோடோட்டஸ் பெயர் சொல்கிறார்.) ராஜா உடனே நம்புகிறான். ஒருவனையும் தப்பவிட்டால் உங்கள் தலை போகும் என்று தளபதிகளிடம் சொல்கிறான். ராத்திரி முழுக்கத் தூங்காமல் துடுப்புப் போட்டுக் காவல் நிற்கிறது பாரசீகப் படை. யாரும் ஓடவில்லை. விடிந்ததும் கிரேக்கர் பக்கமிருந்து பாட்டுக் கேட்கிறது. ஓடுகிறவர்கள் பாடும் பாட்டு இல்லை அது. தாய்நாட்டை மீட்டெடுங்கள், பிள்ளைகளை, மனைவியரை, குலதெய்வங்களின் கோயில்களை, முன்னோர் கல்லறைகளை மீட்டெடுங்கள் என்று கூவிக்கொண்டு வருகிறார்கள்.

குறுகலான கடலில் பாரசீகக் கப்பல்கள் ஒன்றையொன்று இடித்துத் துடுப்புகள் முறிகின்றன. எண்ணிக்கையே எமனாகிறது. அப்புறம் வருகிற வரிகளை மெதுவாகப் படியுங்கள். தண்ணீரில் விழுந்தவர்களை, வலையில் சிக்கிய சூரை மீனை அடிப்பதுபோல, உடைந்த துடுப்புகளாலும் பலகைத் துண்டுகளாலும் அடித்தார்கள் என்கிறான். துடுப்பைப் பிடித்த கைகள் அரங்கில் உட்கார்ந்திருந்தன. எதிரியின் வாயால் அதைக் கேட்கும்போது, வெற்றி அந்தக் கைகளுக்கு வேறு மாதிரி உணர்வு கொடுத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பக்கத்துக் குட்டித் தீவில் நிறுத்திவைத்த பிரபுக்களும் வெட்டுப்படுகிறார்கள். கரையோரக் குன்றில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த செர்க்சஸ் கத்திக்கொண்டு உடையைக் கிழித்துக்கொள்கிறான். கனவில் வந்த அதே கிழிசல். திரும்பும் வழியில் ஸ்ட்ரைமோன் ஆறு உறைந்து கிடக்க, வெயில் ஏறும் முன் கடந்தவர்கள் பிழைத்தார்கள், மற்றவர்கள் பனி உடைந்து மூழ்கினார்கள் என்று வருவதை வரலாற்று ஆசிரியர்கள் நம்புவதில்லை. படிக்கும்போது எனக்கு அது உறுத்துவதில்லை.

படி 7: டேரியஸின் ஆவி சொல்வதைக் கேளுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

ராஜமாதா இந்த முறை தேரில்லாமல், அலங்காரமில்லாமல் நடந்து வருகிறாள். பால், தேன், தண்ணீர், திராட்சை மது ஆகியவற்றைக் கல்லறையில் ஊற்றிக் கணவனை அழைக்கிறாள். டேரியஸ் எழுந்து வந்து மகனைத் திட்டித் தீர்க்கிறார். சாதாரண மனிதனாக இருந்துகொண்டு கடல் தேவனையே அடக்க நினைத்தானே, இது மூளைக் கோளாறு அல்லவா என்கிறார். ஹூப்ரிஸ் பூத்தது, அழிவு என்னும் கதிரைப் பிடித்தது, இப்போது கண்ணீரை அறுவடை செய்கிறது என்பது அவர் வாக்கு. ஹூப்ரிஸ் என்பதை வெறும் ‘கர்வம்’ என்று படித்துவிட்டால் பாதி போய்விடும். மனசுக்குள் இருக்கும் கர்வத்தைவிட, அடுத்தவரின் மானத்தையோ தெய்வத்தின் இடத்தையோ மிதிக்கும் செயலைக் குறிக்கும் சொல் அது. ஏதென்ஸில் அதற்கு வழக்கே போடலாம்.

இப்போது பேனாவை எடுங்கள். இதே டேரியஸ் கி.மு. 513 வாக்கில் கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த சிதியர் மேல் படையெடுக்க பாஸ்பரஸ் ஜலசந்தியில் பாலம் கட்டியவர். மராத்தானுக்குப் படை அனுப்பியவர். அவர் கல்லறைகூட சூசாவில் இல்லை, இன்னொரு தலைநகரான பெர்சிபோலிஸுக்குப் பக்கத்தில் நக்ஷ்-எ-ருஸ்தம் பாறையில் குடைந்திருக்கிறது. பார்வையாளர்களுக்கு மராத்தான் மறந்திருக்குமா? நாடகத்திலேயே ராஜமாதா அதைச் சொல்கிறாள். ஆனாலும் எஸ்கிலஸ் அவரைக் குறையில்லாத ராஜாவாக்குகிறார். போன ராஜா நல்ல ராஜா என்பது எல்லா அரண்மனைகளும் நம்பும் கதை. மகன் முதுகில் ஏறி உட்கார்ந்ததும் அந்தக் கதைதான். பிழை மகனோடு தொடங்கியதாகச் சொல்லும் தகப்பனை மேடையேற்றியதை நான் கவிஞரின் மறதியாகப் பார்க்கவில்லை.

போகும்போது டேரியஸ் ஒரு வேலை சொல்கிறார்: மகன் கந்தலோடு வருவான், நல்ல உடை எடுத்துக்கொண்டு எதிரே போ. ராஜமாதாவும் எடுத்து வரப் போகிறாள்.

படி 8: கடைசிப் புலம்பலை ஒரு விசாரணையாகப் படியுங்கள்

நாடகம் ஆறில் ஐந்து பங்கு முடிந்த பிறகுதான் செர்க்சஸ் வருகிறான். கந்தல் உடை, காலி அம்பறாத்தூணி. புது உடையோடு போன அம்மா திரும்ப வருவதே இல்லை.

முதியவர்கள் விழுந்து கும்பிடவில்லை. கேட்கிறார்கள். ஃபர்நூக்கஸ் எங்கே? நல்லவன் அரியோமார்டஸ் எங்கே? நீங்கள் அடிக்கோடு போட்டு வைத்த பெயர்கள் இப்போது கேள்விகளாகத் திரும்பி வருகின்றன. கப்பலிலிருந்து விழுந்து சலாமிஸ் பாறைகளில் மோதிக் கிடக்கிறார்கள், விட்டுவிட்டு வந்தேன் என்கிறான். இன்னொரு பெயர், இன்னொரு பெயர். படி 5-இல் எழுதி வைத்த வாக்கியத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாதவன் என்றாளே, அவனிடம் ஊர் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு இதன் வடிவம் அந்நியமாக இருக்காது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பி அழுவது, மாரடிப்பது, துணியைக் கிழிப்பது எல்லாம் உண்டு. மௌனமாகப் படித்தால் அலுக்கும். இரண்டு பேர் சேர்ந்து மாற்றி மாற்றிப் படித்துப் பாருங்கள்.

அப்படிப் படித்தால்தான் ஒரு விஷயம் பிடிபடும். தொடக்கத்தில் கேள்வி கேட்பவர்கள் முதியவர்கள், பதில் சொல்பவன் ராஜா. போகப் போக அது மாறுகிறது. அழு என்கிறான், அழுகிறார்கள். மார்பில் அடி என்கிறான், அடிக்கிறார்கள். தாடியைப் பிய், உடையைக் கிழி என்று அவன் சொல்லச் சொல்லச் செய்கிறார்கள். அவன் கட்டளைதான் இப்போதும் நடக்கிறது. உயிரோடு வந்தால் முன்போலவே ஆள்வான் என்று தாய் சொன்னதும் பலித்துவிடுகிறது. எனக்கு நாடகத்திலேயே பயம் கொடுக்கும் இடம் இதுதான்.

படி 9: வரலாற்றோடு ஒரு தடவை சரிபாருங்கள்

சலாமிஸோடு பாரசீகம் முடிந்துவிடவில்லை. செர்க்சஸ் இன்னும் 15 வருஷம் ஆண்டான், பெர்சிபோலிஸில் கட்டிக்கொண்டே இருந்தான், 465-இல் அரண்மனைச் சதியில் கொலையானான். பேரரசு 330-இல் அலெக்சாண்டரிடம் விழும் வரை நின்றது. போரை ஜெயித்துக் கொடுத்த தெமிஸ்டோக்கிளிஸை ஏதென்ஸ் ஓட்டுப் போட்டு வெளியேற்றியது. அவர் கடைசியில் செர்க்சஸின் மகனிடமே அடைக்கலம் போய், அவன் கொடுத்த ஊரை ஆண்டு இறந்தார்.

படி 10: நான்காவது வருஷம்

நாடகம் நடந்தபோதே, பாரசீகத்தை எதிர்க்கச் சேர்ந்த கூட்டணிக்கு ஏதென்ஸ் தலைமை தாங்கிப் பணம் வசூலித்துக்கொண்டிருந்தது. 454-இல் கூட்டணியின் கஜானா டெலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்கே வந்துவிட்டது. பெரிக்கிளிஸ் காலத்தில் அது வெளிப்படையான பேரரசு. உள்ளூரில் ஒவ்வொரு அதிகாரியும் கணக்குக் காட்டினார். கப்பம் கட்டிய ஊர்களுக்கு யாரும் காட்டவில்லை. 416-இல் பணிய மறுத்த மேலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றார்கள். அடுத்த வருஷம் சிசிலிக்குப் பெரும் கப்பற்படையை அனுப்பி, 413-இல் அதை முழுக்க இழந்தார்கள்.

405-இல் ஏதென்ஸின் கடைசிக் கப்பற்படை, அதோடு போரிட்டுக்கொண்டிருந்த ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டரிடம் ஏகோஸ்பொட்டாமியில் சிக்கியது. அந்த இடம் இருப்பது ஹெலஸ்பாண்டில், செர்க்சஸ் நுகம் பூட்டிய அதே ஜலசந்தியில். செய்தியோடு பராலஸ் என்ற கப்பல் இரவில் பிரேயஸ் துறைமுகத்துக்கு வந்தது. ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்க, துறைமுகத்திலிருந்து நீண்ட மதில்கள் வழியாக அழுகுரல் நகரம் வரை ஏறி வந்தது என்று வரலாற்றாசிரியர் செனொஃபோன் எழுதுகிறார். அன்று இரவு ஏதென்ஸில் யாரும் தூங்கவில்லை. செத்தவர்களுக்காக மட்டும் அவர்கள் அழவில்லை. மேலோஸுக்குத் தாங்கள் செய்தது தங்களுக்கு நடக்கப் போகிறது என்றும் அழுதார்கள்.